பின்விளக்கு

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் அம்புரோஸ் படகு ட்ரெய்லருக்குப் புது விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். கூடத்து ஜன்னல் வழியாக ஷெர்லினுக்கு அவர் முதுகு தெரிந்தது. துக்கத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டை. குந்தியிருந்ததில் சட்டை மேலேறி, இடுப்பில் வெளிநாட்டு பெல்ட் பளபளத்தது. உள்ளே ஓர் அருள்நிறை மந்திரம் முடிவதற்குள் வெளியே ஸ்க்ரூடிரைவர் நாலு சுற்றுச் சுற்றிவிடும்.

பெட்டிக்குள் கிடந்தவன் அவருடைய ஒரே தம்பி, வளன். ஷெர்லினின் கணவன்.

கழற்றிய பழைய விளக்குகளை அவர் குழாயடி வாளிக்குள் போட்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். பிறகு பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். அது வளனுடைய டின். வாஸ்லின் டப்பா, ரப்பர் பேண்டு, கழுவிக் காயவைத்த பால் கவர்கள், பழைய பனியன் துணி எல்லாம் அதில் இருக்கும். அம்புரோஸ் வாஸ்லினை விரலில் வழித்து ப்ளக்கின் முனைகளில் பக்குவமாகப் பூசினார். மிச்சத்தைப் பனியன் துணியில் துடைத்தார். அந்த டின்னுக்குப் 'பிள்ளப்பேத்துப் பொட்டி' என்று பேர் வைத்தவர் அவர்தான். லீவில் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. எது எதற்கு என்று யோசிக்கவும் இல்லை. எல்லாம் தெரிந்தவர்தானே. கப்பலில் சீஃப் இன்ஜினியர். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

செபமாலை முடிந்தது. "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும், ஆண்டவரே" என்று ஒருத்தி தொடங்க, "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று எல்லோரும் சொன்னார்கள். முற்றத்திலிருந்து அம்புரோஸும் சேர்ந்துகொண்டார். நல்ல கனத்த குரல் அவருக்கு. சொல்லிக்கொண்டே விளக்கின் மேல் பிளாஸ்டிக்கில் பட்டிருந்த கைரேகையைத் துடைத்தார்.

படகும் அவருடையதுதான். வெள்ளை ஃபைபர் படகு, இரண்டு பக்கமும் நீலக் கோடு. வருஷம் முழுக்கக் கப்பலில் கிடக்கிறவருக்குக் கரைக்கு வந்தாலும் கடலில் போக ஒன்று வேண்டியிருந்தது. நிறுத்த இடம் தம்பி வீட்டு முற்றம். கழுவவும் துடைக்கவும் தார்ப்பாய் போட்டு மூடவும் தம்பி. வளன் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். படகைப் பற்றி அண்ணனைவிட அவனுக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியாது. பயம் மட்டும் கூடுதலாக உண்டு. வாங்கிய புதிதில் ஒருமுறை, காரிலிருந்து ட்ரெய்லர் விளக்குக்குக் கரண்ட் வரும் ப்ளக்கைக் கழற்ற மறந்து ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டான். இரண்டு விளக்கும் ஃப்யூஸும் போயின. "தண்ணிக்குள்ள கரண்ட எறக்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். ஏலே, வீட்ல ஷெர்லின் மிக்ஸிய வாளிக்குள்ள வச்சா அரைக்கா?" என்று அம்புரோஸ் பத்துப் பேருக்கு நடுவில் கேட்டார். வளனும் சேர்ந்து சிரித்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதே சடங்கு. கடற்கரையில் சிமெண்டுச் சரிவுக்கு வந்ததும் முதலில் ப்ளக்கைக் கழற்றுவான். பால் கவரை அதன் தலையில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் முன்கம்பியில் சுற்றுவான். பிறகு விளக்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பான். சூடு ஆற வேண்டும், சூட்டோடு தண்ணீர் பட்டால் பல்பு வெடித்துப்போகும் என்பான். படகைத் திரும்ப ஏற்றும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் வயிறு இடித்துவிடாமல் விளக்குக்கு மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பான். வீட்டுக்கு வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் பூசிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். பார்க்கப் பார்க்க ஷெர்லினுக்கு எரிச்சல் வரும். அடுப்படிக் குழாய் ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருக்க, அண்ணன் விளக்குக்கு ஊழியம். வளனுக்கு அண்ணன் சொல் வேதம். வேதத்தையாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேட்பான்.

சனிக்கிழமை அம்புரோஸின் சென்னை நண்பர்கள் வந்திருந்தார்கள். மீன் பொரித்துக் கொடுக்க ஷெர்லினும் போக வேண்டியிருந்தது. சரிவில் அம்புரோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வளன் இறங்கி, கையைத் தூக்கி, "அண்ணே, ஒரு நிமிசம், ப்ளக்கு" என்றான். அம்புரோஸ் கார்க் கண்ணாடியை இறக்கி, நண்பர்களுக்குக் கேட்கும்படி, "பல்புக்கு நித்திய இளைப்பாற்றி குடுத்துட்டு வாரானாம். அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் எடுத்தார். வளன் ஓரத்துக்குத் துள்ளினான். விளக்குகள் சிவப்பாக எரிந்தபடியே தண்ணீருக்குள் போய், அங்கேயே அணைந்தன. நண்பர்களில் ஒருவர் கைதட்டினார்.

சாயங்காலம் படகை ஏற்றியதும் வளன் ப்ளக்கைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தான். எரியவில்லை. ஒரு விளக்குக்குள் கால்வாசிக்குக் கடல் தண்ணீர் நின்றது. ட்ரெய்லரை இங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வந்து எடுக்கலாம் என்றான். கண்ட ஆட்களும் வந்துபோகிற இடத்தில் படகை விட முடியாது என்றார் அம்புரோஸ். அவருக்குக் கிளப்பில் விருந்து இருந்தது. நண்பர்கள் அவர்கள் காரில் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். துறைமுக ரோட்டில் உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். அப்படியானால் நான் படகின் பின்பக்கம் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டு வருகிறேன், மெதுவாகப் போங்கள் என்றான் வளன்.

"உன் டார்ச்சப் பாத்துதான் கண்டெய்னர்காரன் நிப்பாட்டப் போறானாக்கும்" என்றார் அம்புரோஸ். ஏறாதே என்று சொல்லவில்லை.

ஷெர்லின் முன்சீட்டில் இருந்தாள். பக்கக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போகச் சொன்னாள். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். மறுபடியும் சொன்னாள். முத்தையாபுரத்துக்குள் திரும்புவதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. கார் ஒரு குதி குதித்தது. ட்ரெய்லர் அதைவிடப் பெரிதாகக் குதித்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது.

செபமாலை முடிந்த கையோடு, பக்கத்து வீட்டு முத்துக்கனி கருப்பட்டிக் காபியோடு அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தம்ளரைக் கையில் திணித்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. வளன் தம்பி பீர் குடிச்சிட்டுப் படகு மேல ஏறி ஆடிட்டு வந்துதான் கீழ விழுந்தாவளாமே? ஒங்க கப்பல்கார அத்தான் பந்தல்ல சொல்லிட்டு இருக்காவ. சின்னப்பிள்ள மாதிரி ஏறிட்டான், நான் கவனிக்கலன்னு."

"அவிய பீர் குடிச்சு நீங்க பாத்திருக்கியளாக்கா?"

"எங்கன? எங்க வீட்டு விசேசத்துல நன்னாரி சர்பத்துக்கே விக்கல் எடுத்துச்சு."

ஷெர்லின் காபியைக் கீழே வைத்தாள். பந்தலில் அந்தக் கதை ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க்கொண்டிருப்பது அடுப்படி ஜன்னலில் தெரிந்தது. கேட்டவர்கள் 'ச்சொ' கொட்டினார்கள். உள்ளூர அவர்களுக்குத் திருப்திதான். மேலே வந்து விழுந்த சாவைவிட, தானே தேடிக்கொண்ட சாவு கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அம்புரோஸ் கை கழுவ உள்ளே வந்தார். முத்துக்கனி நகர்ந்தாள்.

"ஷெர்லின், பெட்டி எடுக்கதுக்கு முன்ன எஸ்.ஐ. ஒரு எட்டு வாராவ. சும்மா ஒரு பார்வதான். லைட்டு எரிஞ்சுதான்னு கேட்டா, எரிஞ்சுதுன்னு சொல்லிரு. எனக்கு அடுத்த வாரம் சிங்கப்பூர்ல கப்பல் ஏறணும். கேசு கீசுன்னு ஆச்சுன்னா பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சிருவான்."

அவள் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாஸ்லினில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது.

"போனவன் போயிட்டான். அவனே இருந்தாலும் இதத்தான் சொல்லுவான்" என்றார்.

அது உண்மை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து வந்தால் வளன் முதல் வேலையாக, அண்ணன்மேல் தப்பில்லை, நானாகத்தான் ஏறினேன் என்பான். சட்டையைச் சரிசெய்துகொண்டு, லேசாகச் சிரித்துக்கொண்டு சொல்வான்.

"சோப்பு அந்தத் தட்டுல இருக்கு, அத்தான்" என்றாள்.

அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு இதுவரை யாரும் வேறு எதையும் கொடுத்ததில்லை.

எஸ்.ஐ. பகவதி வந்தபோது சவப்பெட்டியும் வந்துவிட்டது. கோயில் உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டிய காரையும் ட்ரெய்லரையும், யார் யாரோ பேசி, வீட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள். பகவதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய் வளனைப் பார்த்தாள். வெளியே வந்து ட்ரெய்லரைச் சுற்றினாள். அம்புரோஸ் பாதி இங்கிலீஷில் விளக்கம் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். பிறகு, "நீங்களே பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து ஷெர்லினைக் கூப்பிட்டார்.

பந்தலில் ஐம்பது ஆண்கள் இருந்தார்கள். அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்த விளக்கு வளன் மனைவியின் காலால் எரிய வேண்டும் என்று நினைத்தார். தாலி அறுந்தவளை இப்படியா வண்டியில் ஏற்றுவது என்று பெண்கள் முனகினார்கள். ஷெர்லின் எழுந்து, வெறுங்காலோடு படியிறங்கி, காரில் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பின்பக்கமும், பந்தல் நிழலில் அம்புரோஸும் எஸ்.ஐ.யும் தெரிந்தார்கள்.

"பிரேக்க அமுக்கு, ஷெர்லின்."

அவள் காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில், விரிப்பின்மேல் வைத்தாள்.

"அமுக்கு."

"அமுக்கிட்டுதான் இருக்கேன், அத்தான்."

அம்புரோஸ் குனிந்து பார்த்தார். ஒரு விளக்கை விரலால் தட்டினார். முன்பக்கம் வந்து ப்ளக்கை உருவி, ஊதி, வாஸ்லினைத் தன் வெள்ளைச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் மாட்டினார். பின்னால் போய், "இப்ப?" என்றார்.

"இப்பவும் அமுக்குதேன்."

பந்தலில் நாற்காலிகள் திரும்பின. "சீஃப் இன்ஜினியர்லா, சரி பண்ணிருவாரு" என்றது ஒரு குரல். "கப்பலு எப்பிடி ஓடுதோ" என்றது இன்னொன்று. அம்புரோஸ் அதைக் கேட்டார். கார்க் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார், நின்றார். தம்பி பெண்டாட்டியின் கால் எங்கே இருக்கிறது என்று சவப்பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்க்க அவரால் முடியவில்லை. திரும்பிப் போய் ட்ரெய்லருக்குப் பின்னால் குந்தினார். காலையில் முறுக்கிய அதே ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

பகவதிதான் வந்தாள். திறந்திருந்த கதவுப் பக்கம் நின்று கீழே பார்த்தாள். விரிப்பின்மேல் இருந்த காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஷெர்லினின் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எரிஞ்சுச்சாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இல்ல. எரிஞ்சிருந்தா எங்க வீட்டுக்காரவ டார்ச்ச எடுத்துட்டு அங்கன போயி உக்காந்திருக்க மாட்டாவ."

"லைட்டு புதுசா இருக்கே."

"காலைலதான் மாட்டுனாவ. பழசு குழாயடி வாளிக்குள்ள, சாக்குக்குக் கீழ கெடக்கு. கடத்தண்ணி இன்னும் உள்ளதான் நிக்கும்."

பகவதி தலையசைத்தாள். ட்ரெய்லர் பக்கம் போகாமல், வீட்டின் ஓரமாகக் குழாயடிக்கு நடந்தாள். கோயிலில் துக்க மணி விழத் தொடங்கியது. அம்புரோஸுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில், விளக்குக்கு மிக அருகே முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே வயரை நெருடிக்கொண்டிருந்தார். சட்டை வேர்த்து உடம்போடு ஒட்டியிருந்தது.

ஷெர்லின் காலைத் தூக்கிப் பிரேக்கின்மேல் வைத்து அழுத்தினாள்.

முதலில் அவர் முகம் சிவந்தது. அப்புறம் சட்டை. "எரியுது, மேடம்" என்று அவர் எழுந்து திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. குழாயடியில் வாளி நகரும் சத்தம் கேட்டது. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அவர் அந்தச் சத்தத்தின் பக்கம் பார்த்தபடி நின்றார்.

முகம் பார்க்கிறவர்கள் வந்து பாருங்கள், பெட்டியை மூடப் போகிறோம் என்று உபதேசியார் கூப்பிட்டார். முத்துக்கனி படியில் நின்று, "ஏளா, வா" என்றாள்.

கண்ணாடியில் வெளிச்சம் ஆடாமல் நின்றது. ஷெர்லின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் காலை எடுக்கவில்லை.