கொள்ளிக்கு உரித்துடையோர்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. கடும்பனி பொழிந்து ஓய்ந்திருந்தது. வானம் தெளிந்து வெயில் எறித்தபோதிலும், வெப்பநிலை மைனஸ் பதினொன்றைவிட்டு மேலே ஏறவில்லை.

கனடாவின் அஜின்கோர்ட்டிலுள்ள தமது இல்லத்தின் சமையலறையில் நவரட்ணம் கறுப்புக் கோட்டை அணிவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"கடைசியாக் கேக்கிறன். நீங்கள் கொள்ளி வைப்பியளோ, மாட்டியளோ?" என்றாள் அவருடைய மனைவி ஜெயமலர்.

"எனக்கு அவன் என்ன முறை, நான் வைக்கிறதுக்கு?"

"மூண்டு மாதம் எங்கடை வாசல் பனியை அந்தாள் தள்ளிவிடேக்கை முறை கேட்டனீங்களே?"

அவன் எனப்பட்டவர் இரத்தினவேல். சுற்றுலா விசாவில் கனடாவுக்கு வந்து, அகதிக் கோரிக்கை பதிந்து, விசாரணைக்காகக் காத்திருந்தவர். அவ்வீட்டின் பேஸ்மன்றில், நிலத்தடித் தளத்தில், வாடகைக்கு இருந்தவர். மிசிசாகாவில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், பின்னர் எழவில்லை. அவருடைய மனைவி நிலாணியும் ஒரே மகனும் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ஈமக்கிரியைக்கு வருவதற்காக அவர்கள் கேட்ட விசா மறுக்கப்பட்டது. வந்தால் திரும்பிச் செல்வார்கள் என்று நம்ப இயலாது என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

இந்நாட்டில் இரத்தினவேலுக்கு உறவினர் எவருமில்லை. ஆதலால் நிலாணி நவரட்ணத்தையே தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, உங்களைத் தவிர அங்கை எனக்கு ஆரையும் தெரியாது. அவரை அநாதையா விட்டிடாதேங்கோ" என்று அழுதிருந்தாள். "பாப்பம் தங்கச்சி" என்று அவர் கூறியிருந்தார். அச்சொல்லை அவள் உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டாள்.

மேசையருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஜெயரட்ணம் செருமினார். நவரட்ணம் தலைவராக இருக்கும் ஊர்ச் சங்கத்துக்கு அவர் செயலாளர்.

"அக்கா, அண்ணையின்ரை நிலைமையையும் யோசிக்கவேணும். போன மாசம் ரேடியோவிலை என்ன பேச்சுப் பேசினவர்! சனம் இப்பவும் வட்ஸ்அப்பிலை அனுப்பிக்கொண்டிருக்குது. இப்ப விசிற்றர் விசாவிலை வந்த ஒருத்தனுக்கு அவரே கொள்ளி வைச்சால், சிரிக்க மாட்டினமே?"

குடிவரவைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்னும் விவாதம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. வானொலி நிலையத்தார் நவரட்ணத்தையும் அழைத்திருந்தனர். "கதவைச் சாத்தத்தான் வேணும்" என்று அவர் முழங்கினார். "ஆஸ்பத்திரியிலை இடமில்லை. வாடகை ஏறிப்போச்சு. கலியாணம், செத்தவீடு எண்டு சொல்லி வாறவையிலை எத்தினைபேர் திரும்பிப் போகினம்? முதல்லை உந்த விசாவை நிப்பாட்டவேணும்!" வாடகையை ஏற்றியோருள் தாமும் ஒருவர் என்பதை அவர் குறிப்பிடவில்லை. 1986இல் வேறொருவரின் கடவுச்சீட்டில் மொன்றியலில் வந்திறங்கியதையும் அவர் குறிப்பிடவில்லை. அவ்வாண்டுகளிலும் இதே விவாதம் நடந்தது. இதே சொற்கள் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டன. திருப்பியனுப்பப்பட வேண்டியோர் எனச் சொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவராக இருந்தார்.

"நீங்கள் கேட்டமாதிரியே நடந்திட்டுது" என்றாள் ஜெயமலர். "செத்தவீட்டுக்கு வரக் கேட்டவளுக்கு விசா குடுக்கேல்லை. அவளின்ரை பிள்ளை வந்திருந்தால் நான் ஏன் உங்களைக் கெஞ்சிறன்?"

"விசாரணை முடியாமல் ஆக்கள் வந்து குவிஞ்சால் வேறை என்ன செய்யிறது?"

"விசாவை விடுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

நவரட்ணம் ஜெயரட்ணத்தைப் பார்த்தார். ஜெயரட்ணம் குவளையைப் பார்த்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுக்குத் தெரியாததே? ஊரிலை உவையின்ரை ஆக்கள் எங்கடை வளவுக்கை எந்தப் படலையாலை வந்தவை?" என்றார்.

ஊரில் அவர்கள் சாதியின் பெயரால் பின்வாசற் படலையால் மட்டுமே வந்தவர்கள். இங்கும் இரத்தினவேல் பக்கக் கதவாலேயே வந்து போனார். பேஸ்மன்றுக்கு வேறு வழியில்லை என்பதால், அதைப் பற்றி எவரும் எதுவும் சொல்ல நேரவில்லை.

தகனசாலையில் அவர்களுக்கு இரண்டு மணி முதல் மூன்று மணி வரை இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்று மணிக்கு வேறொரு குடும்பம் வரவிருந்தது. சங்கத்து ஆண்கள் சிலர் சுவரோரமாக நின்றனர். இரத்தினவேலுடன் வேலை செய்த இருவர் வருவதாகச் சொல்லியிருந்தும், விடுப்புக் கிடைக்காமையால் வரவில்லை. நவரட்ணத்தின் மகள் லக்சிகா கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதன் திரையில் நிலாணியின் முகம் தெரிந்தது. அங்கே நள்ளிரவு கடந்திருந்தது. மகன் அவளுடைய தோளிற் சாய்ந்து உறங்கியிருந்தான்.

தேவாரம் முடிந்தது. பெட்டி உள்ளே தள்ளப்பட்டது. இனி எஞ்சியது யாதெனில், சுவரிலிருந்த பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்துவதே. ஊரில் கொள்ளி எனப்படுவது இங்கே அப்பொத்தான்தான்.

"நேரம் போகுது. உரித்துக்காரர் ஆர்? முன்னுக்கு வாங்கோ" என்றார் ஐயர்.

சுவரோரத்தவர் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"அண்ணை நிக்கிறாரே?" என்று திரையிலிருந்து நிலாணி கேட்டாள்.

நவரட்ணம் தமது சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸீரியஸ்லி, அப்பா? இற்ஸ் ஜஸ்ற் எ பட்டன்" என்றாள் லக்சிகா. "ஒருத்தரும் இல்லாட்டி நான் செய்யிறன்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை!" என்று நிலாணியே பதறினாள். "நீ கலியாணம் கட்டாத பிள்ளை. உனக்கு ஒண்டும் வரக்கூடாது."

ஜெயமலர் ஓரடி முன்னே வைத்தாள். நவரட்ணம் அவளுடைய மணிக்கட்டைப் பற்றினார்.

"சபையிலை என்னை வெக்கப்படுத்தாதையும்."

"கையை விடுங்கோ."

அவர் விட்டார். அப்பொழுது ஜெயரட்ணம் அவளுடைய காதருகே குனிந்து, "அக்கா, விட்பியிலை இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர் சம்மந்தத்துக்கு ஓமெண்டு சொல்லி ரெண்டு கிழமைதான். அவையின்ரை காதுக்குப் போனால் பிள்ளையின்ரை கதி?" என்றார்.

கணவனின் பிடி விட்டிருந்தது. எனினும் அவளுடைய கால்கள் எழவில்லை. பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் மகளைப் பார்த்தாள், திரையிலிருந்தவளைப் பார்த்தாள், பின்னர் கண்களை மூடிக்கொண்டாள். லக்சிகாவின் கை தளர்ந்து, தொலைபேசி நிலத்தை நோக்கித் தாழ்ந்தது.

கதவோரமாக நின்ற தகனசாலை ஊழியர், தொப்பி அணிந்த நரைத்த வெள்ளைக்காரர், மணிக்கூட்டைப் பார்த்தார். குடும்பத்தவர் எவரேனும் உண்டா என்று ஆங்கிலத்தில் மெதுவாக வினவினார். ஒருவரும் முன்வராததைக் கண்டு அவர் முன்னே வந்தார், கையிலிருந்த தாளில் எழுதியிருந்த பெயரைத் தட்டுத் தடுமாறி வாசித்தார், தலையைத் தாழ்த்தினார், பொத்தானை அழுத்தினார். உள்ளே நெருப்பு எழுந்த ஓசை கேட்டது.

"என்ன சத்தம்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆர் வைச்சது? அண்ணையே?" என்று தொலைபேசியிலிருந்து குரல் வந்தது.

"ஓம் தங்கச்சி" என்றார் நவரட்ணம். "நான்தான்."

"அண்ணை, நீங்கள் நல்லாயிருக்கோணும். என்ரை பிள்ளை உங்களை மறக்கமாட்டான்…"

சுவரோரமாக நின்றோர் எவரும் வாய் திறக்கவில்லை. ஜெயரட்ணம் ஆமோதிப்பவர்போலத் தலையையும் அசைத்தார்.

ஜெயமலர் மகளின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். கணவர் "மலர்!" என்று அதட்டியதைப் பொருட்படுத்தாமல், அதை அந்த ஊழியரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எங்கடை ஆள் இல்லைத் தங்கச்சி. இந்த வெள்ளைக்காரர்தான் வைச்சவர். அவருக்கு எங்கடை பாஷையும் தெரியாது; அவரின்ரை பேர் எனக்கும் தெரியாது. நாங்கள் இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். நானுந்தான்."

நிலாணி திரையில் அவரை நோக்கி இரு கைகளையும் கூப்பினாள். காரணம் புரியாத ஊழியரும் தமது தொப்பியைக் கழற்றினார். அடுத்த குடும்பத்தார் வாசலுக்கு வந்துவிட்டனர் என்று யாரோ அறிவித்தபோது, பிற்பகல் இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.