கணக்கில் வராத மாத்திரை

கட்டட வேலையில் கோபுர கிரேன் ஓட்டும் கிரேன்காரி காலையில் அதன் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். பதினாறு வருஷமாக அப்படித்தான். இந்த மூன்று மாதமாக வயிறு அவளைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நாலு தடவை இறக்கியது. தண்ணீராகப் போனது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. வெறும் வயிற்றோடு ஏறிப் பார்த்தாள், அப்போதும் விடவில்லை. அவள் இறங்கும்போதெல்லாம் கீழே கம்பிக்கட்டுகள் காத்துக் கிடந்தன.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்க்கா," என்றார் மேஸ்திரி. "அப்புறம் அந்த சீட்டுல வேற ஆளு. நீங்க கீழ நின்னு சிக்னல் காட்டுங்க."

மலத்தைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமரா விட்டார்கள். கழுவிவிட்ட தரை மாதிரி சுத்தமாக இருந்ததாம்.

"குடலு நல்லாத்தான் இருக்காம். அக்காவுக்கு ஏறப் பயம் வந்துடுச்சு!" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சிரித்தார். அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம்.

பத்து நாளில் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரரும் கூட வந்தார்.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா கேமரா விட்ட அன்னைக்கு அங்கங்க கிள்ளி எடுத்த சதைய மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தா, உள்தோல் பூரா அழற்சி."

"கேன்சருங்களா?" வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இல்லைங்க, இது வேற. மருந்து இருக்கு. ஏம்மா, வேற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்லைங்கம்மா." போன இரண்டு தடவையும் இதையேதான் சொல்லியிருந்தாள்.

"அந்த முட்டி வலி மாத்திரை?" என்றார் வீட்டுக்காரர்.

"அட, அது மருந்தா? கடையில வாங்கிப் போடறதுதானே!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஏணி ஏறணும்ல?"

"அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதுவும் இதைத் தூண்டிவிடும். இன்னையோட நிறுத்துங்க."

மாத்திரை போட்டால் வயிறு இறக்குகிறது, போடாவிட்டால் முழங்கால் ஏற்றாது.

தினம் காலையில் மூன்று கேப்சூல், எட்டு வாரத்துக்கு. குடலுக்குள் போய்த்தான் வேலை செய்யுமாம். இடையில் நிறுத்தக் கூடாது, மறுபடி வந்தால் உடனே வரவேண்டும். முழங்காலுக்குப் பூச ஒரு களிம்பு, இறுக்கிக் கட்ட ஒரு பட்டை.

மறுநாள் மேஸ்திரியிடம் போனாள். "நாளையிலேர்ந்து எனக்கு கேட்டை அரைமணி முன்னாடி திறக்கச் சொல்லுங்க."

ஏணியில் ஒன்பது இடத்தில் நிற்கத் தட்டு உண்டு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டு ஏறினாள். முதல் வாரம் தினம் இரண்டு தடவை இறங்கினாள். அடுத்த வாரம் ஒரே ஒரு நாள் இறங்கினாள். முழங்கால் மட்டும் உயிரை வாங்கியது.

மேஸ்திரி கெடு வைத்த மாதக் கடைசி நாள். வாக்கிடாக்கியில் மேஸ்திரி குரல்.

"அக்கா, மணி ஒண்ணாச்சு. இன்னும் இறங்கலையா?"

"இன்னும் ரெண்டு கட்டு இருக்கு. பசிச்சா நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"இல்ல, புது ஆளு ஒருத்தன வரச் சொல்லியிருந்தேன். வந்து நிக்கிறான். அவன்கிட்ட என்ன சொல்ல?"

அவள் கொக்கியை மெதுவாகத் தாழ்த்தினாள்.

"சிக்னல் காட்டச் சொல்லுங்க."