ஆட்டு விலாவில் ஒரு புடைப்பு

கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குப் படம் வரையக் கற்றுத்தரும் மேடம், என் ஆட்டு எலும்புக்கூட்டுப் படத்தை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கே. புத்தகத்து மேல தாளை வச்சு ட்ரேஸ் எடுத்தியா?"

"ஐயோ, இல்ல மேடம். எலும்புக்கூட்டு முன்னாடி உக்காந்து பாத்துப் போட்டது."

ட்ரேஸ் என்று முடிவானால் வகுப்பைவிட்டு அனுப்பிவிடுவார். பக்கத்து இருக்கை சோடாபுட்டி, என்னை முன்பின் பார்த்திராதவன்போல் ஜன்னலைப் பார்த்தான். போட்டுக்கொடுத்தது இவனோ என்று எனக்குச் சந்தேகம். புத்தகம் கொடுத்தது இவனோ என்று மேடத்துக்குச் சந்தேகம். வகுப்பு மூலையிலிருந்த ஆட்டு எலும்புக்கூடு மட்டும்தான் யாரையும் சந்தேகிக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அந்த ஆட்டுக்கு ஒரு விலா எலும்பு உடைஞ்சு, கூடி, புடைச்சிருக்கு. உன் படத்துல அது எங்கடா?"

"போட்டேன் மேடம். பாக்க அசிங்கமா இருந்துச்சு. மை போடறதுக்கு முன்னாடி அழிச்சிட்டேன்."

"கதை விடாத."

படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அதே விலாவில், அழித்த பென்சிலின் தடம் வளைந்து தெரிந்தது.

"சரி, ட்ரேஸ் இல்ல."

சோடாபுட்டி உடனே மீண்டும் என் நண்பனானான். மேடம் விடவில்லை.

"ட்ரேஸ் எடுக்கறவன் புடைப்பைப் பாக்கறதே இல்ல. நீ பாத்துட்டு மறைச்சிருக்க. நாளைக்கு வைத்தியம் பாக்கறவன் உன் படத்தை நம்பினா, ஆடு என்னடா ஆகும்?"

வகுப்பில் என் இடம் பிழைத்தது. இப்போது அந்த ஒரு விலா எலும்பையே திரும்பத் திரும்ப வரைகிறேன். ரப்பரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று மேடம் பின்னால் நின்று தேடிக்கொண்டிருக்கிறார்.