கத்திக்கு முன்னால் ஓர் ஊசி

குடல் அறுவை முடிந்து வந்தவர்களின் தையல்கள் சீழ் பிடிப்பதை உர்சுலாவால் பொறுக்க முடியவில்லை. வார்டின் தலைமைத் தாதி அவர். சீழ் பிடிக்காமலிருக்கக் கிருமிக்கொல்லி ஊசி போட்டுத்தானே அறுவைக்கு அனுப்புகிறோம், அப்புறம் ஏன் என்று மனம் அரித்தது.

வேலை முடிந்து சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் மருந்தாளர் ஜமால் முகம்மதுவைப் பிடித்தார்.

"நீங்க வார்டுலயே போட்டுடுறீங்க, சிஸ்டர். ஆபரேஷன் லேட்டாகுது. கத்தி வைக்கிறப்ப ரத்தத்துல மருந்து பாதிகூட இருக்காது லா."

"அப்ப ஆபரேஷன் தியேட்டர்லதான் போடணும்."

"யாரு போடுவா?"

அதுதான் சிக்கல். அது வார்டு வேலை என்றார் அறுவை மருத்துவர் பெர்னார்ட். இதையும் என் தலையில் கட்டாதீர்கள் என்றார் மயக்க மருத்துவர் சேதுபதி.

உர்சுலா விடவில்லை. கட்டுப் பிரிக்கும் நேரமாகப் பார்த்து இருவரையும் வார்டுக்கு வரவழைத்தார். படுக்கையில் ஜூரோங் கப்பல் பட்டறைத் தொழிலாளி செல்லக்கண்ணு. கட்டை எடுத்ததுமே வாடை எழுந்தது. நோயாளி கண் விழித்த பிறகு அவரைப் பார்க்கிற வழக்கமே சேதுபதிக்கு இல்லை. புண்ணையே பார்த்தபடி நின்றார்.

"எப்ப டாக்டர் வீட்டுக்குப் போவேன்?" என்றார் செல்லக்கண்ணு.

வராந்தாவுக்கு வந்ததும் சேதுபதி சொன்னார்: "மருந்த தியேட்டர்ல வைக்கச் சொல்லுங்க. மயக்கம் கொடுக்கிறப்பவே நான் போட்டுடுறேன்."

ஜமால் மறுநாளே மருந்தை அங்கே சேர்த்தார்.

புண் ஆறிச் சில மாதங்கள் கழித்து, முதல் அறுவையில் வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டிருந்த குடலை மறுபடி இணைக்கச் செல்லக்கண்ணு வந்தார். பயத்தில் உதடு வறண்டிருந்தது. "நானும் கூட வர்றேன்," என்று உர்சுலா தள்ளுவண்டியோடு நடந்தார்.

அன்று அறுவைகள் எல்லாமே தாமதம். பெர்னார்ட் அவசரமாகக் கத்திக்குக் கை நீட்டினார்.

"பொறுங்க, ஊசி இன்னும் போடல," என்றார் சேதுபதி.

பெர்னார்ட் ஒரு கணம் முறைத்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார். "போடுங்க. காத்திருக்கேன்."

இந்த முறை செல்லக்கண்ணுவின் தையல் சுத்தமாக ஆறியது. சீக்கிரமே வீட்டுக்குப் போனார். எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை. ஒரு கிழவருக்குச் சீழ் வைத்தது. அவர் படுக்கையருகே நால்வரும் கூடி, பழியை யார் மேலும் போடாமல், காரணம் தேடினார்கள்.

அன்று இரவே உர்சுலா ஜமாலுக்குப் போன் போட்டார்.

"எலும்பு வார்டுலயும் ஊசிய வார்டுலயே போட்டுத்தான் அனுப்புறாங்களாம். நாளைக்கு அங்க போவோம், வாங்க."