துண்டுக்கு அடியில் ஒரு கப்பல்

சிப்பித்துறைக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள் தங்கள் வயதைத் துண்டுக்கு அடியில்தான் சொல்லும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கை உண்டு. நங்கூரச் சங்கிலி ஓடும் துளை வழியாக அது வெளியே வரும். ஆராய்ச்சிக்காரர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அந்தக் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசி, ஒரு வயதுக்குப் படிய வைத்து, கைகுலுக்கிவிட்டு மேலே வருவார்கள். படிந்த வயதைத் துறைமுக அலுவலகத்தில் சொல்ல வேண்டும். நூறு தாண்டிய கப்பல் பெரியவர்; அதை யாரும் தொடக் கூடாது. நூறுக்குக் கீழே என்றால் குப்பை. தூர்வாரும் கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஆட்டுச் சந்தையிலும் விரல் பிடிப்பதுதான் வழக்கம் என்பதால் இதில் மேற்கொண்டு விளக்க ஒன்றுமில்லை.

ஜெசிந்தா மோத்தா பல வருஷமாக ஒரே கப்பலுக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று பாய்மரம் வைத்த மரக்கப்பல், பெயர் தெரியாதது, ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் கிடந்த ஜாடிகளை வைத்து அவள் கணக்குப் போட்டிருந்தாள்: இருநூறுக்குக் குறையாது, இருநூற்றைம்பதுக்கு மேலே போகாது. ஆனால் ஜாடி சொல்வது செல்லாது, கப்பல் சொல்ல வேண்டும். முதல்நாள் அது கையை நீட்டியபோது ஜெசிந்தா டேப் வைத்து அளந்தாள், போட்டோ எடுத்தாள், மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டாள். பேரமே பேசாமல் கைகொடுத்தால் யாருக்குத்தான் மனசு கோணாது? அடுத்த மழைக்காலம் வரை கப்பல் கையை வெளியே விடவில்லை. பிறகு விட்டது. துண்டுக்கு அடியில் மூன்று விரலைக் கொடுத்தது. விரலுக்குப் பத்து. முப்பது வயது. அதற்கு மேல் ஒரு நாள்கூட ஏறமாட்டேன் என்று அடமாக நின்றது. திங்கட்கிழமை தூர்வாரும் கப்பல் வருவதாகத் தகவல் வந்த அன்றைக்கு, ஜெசிந்தா பஸ் ஏறி ஆட்டுச் சந்தைக்குப் போனாள்.

சந்தையில் உலகம்மாள் ஒரு வியாபாரியின் சட்டையைப் பிடித்திருந்தாள். தரகு அவள் தொழில். சின்ன வயதில் ஆட்டுக்குப் போடும் குழைக்கட்டைத் தலையில் சுமந்து சந்தைக்குள் வந்தவள். முதல் வியாபாரத்தில், வயிறு ஊதிய கிடாயைச் சினையாடு என்று சொல்லி அவள் தலையில் கட்டினார்கள். இரண்டாவதில் ஆட்டையே காட்டாமல் கட்டினார்கள். மூன்றாவதிலிருந்து அவளை ஏமாற்ற நினைத்தவர்கள் வேறு ஊர்ச் சந்தைக்குப் போக ஆரம்பித்தார்கள். அவள் துண்டுக்குள் கையை விடுகிறவன் குலதெய்வத்தை ஒருதரம் நினைத்துக்கொள்வான்.

சட்டையை விட்டுவிட்டு உலகம்மாள் விஷயத்தைக் கேட்டாள். உருப்படி எது என்றாள். கப்பல் என்றாள் ஜெசிந்தா.

"நிக்கதா, படுத்ததா?"

"படுத்ததுக்கா."

"படுத்த உருப்படிக்கு மதிப்பு கொறையும், இப்பமே சொல்லிட்டேன். வயசக் கொறைக்கணுமாக்கும்?"

"கூட்டணும்."

உலகம்மாளுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சந்தை தோன்றிய காலத்திலிருந்து ஒரு உருப்படியின் வயதை ஏற்றிப் பேசியவன் எவனாவது உண்டா? கிழட்டாட்டைக் குட்டி என்று சொல்வதற்குத்தானே இத்தனை சத்தம்! அவள் ஜெசிந்தாவை ஏற இறங்கப் பார்த்து, படித்த களை முகத்தில் தெரிகிறது, அதோடு திரும்பிப் போ என்றாள். ஜெசிந்தா போகிறபோக்கில், மேலச்சந்தைத் தரகர் மாசானமும் இதையேதான் சொன்னார், உலகம்மாளால்கூட முடியாது என்றார் என்று சொல்லிவிட்டு நடந்தாள். பஸ் கிளம்பியபோது உலகம்மாள் ஜன்னலோர சீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலை படகில் வைத்து அவளுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுத்தார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி அதன்மேல் சிலிண்டரை மாட்டிக்கொண்டாள். காலில் வாத்துக்கால் செருப்பு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் வாய்க்குழாயைக் கண்டதும் எகிறினாள். வாயை அடைத்துவிட்டு எந்த ஊரில் தரகு பேசுகிறார்கள் என்று கேட்டாள். படகோட்டி கஸ்பார்தான் சமாதானம் சொன்னார். தண்ணீருக்குள்ளும் பேசலாம், ஆனால் பேச்சு குமிழியில் ஏறி மேலே வந்து படகுக்குப் பக்கத்தில் உடையும், கீழே யாருக்கும் கேட்காது, தனக்கு மட்டும் கேட்கும் என்றார். அவர் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்.

ஜெசிந்தாவோடு உலகம்மாள் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் கடலை அறியாதவள். இறங்க இறங்க, தலையில் இத்தனை காலம் இருந்த சுமையை யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. முட்டிவலி தண்ணீரில் கரைந்துபோனது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவளைச் சுற்றி நின்றன. சனிக்கிழமைச் சந்தை மாதிரியே இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்று நினைத்தாள். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் விலை மதித்துக்கொண்டே போனாள்.

கப்பலின் கை சில்லென்று இருந்தது. விரல் கணுக்களில் சிப்பி ஒட்டியிருந்தது, ஆனால் நகங்கள் சுத்தம். துண்டு மிதந்துவிடாமல் இருக்க நாலு முனையிலும் வலைக்குண்டு கட்டியிருந்தார்கள். அதைப் போட்டுக் கையை உள்ளே விட்டாள். மூன்று விரல். அவள் ஐந்து விரலையும் சேர்த்து, இருமுறை பிடித்தாள். நூறு. கப்பல் கையை உதறியது. திரும்பப் பிடித்தாள். கப்பல் அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டியது: ஓடியது முப்பது வருஷம், மூழ்கியபின் வேலை எதுவும் பார்க்கவில்லை, சும்மா கிடந்த காலத்தை வயதில் சேர்ப்பது நியாயமா?

உலகம்மாள் திட்ட ஆரம்பித்தாள். குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே போயின. கப்பலுக்கு ஒன்றும் கேட்காததால் அது வருத்தப்படவில்லை. மேலே கஸ்பார் நாலைந்து குமிழிகளைக் கேட்டார், சிலுவை போட்டுக்கொண்டார், மீதியைக் கேட்காமல் படகின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

காற்று தீர்ந்து ஏறி வந்ததும் அவர் பிளாஸ்க்கிலிருந்து சுக்குக்காப்பி ஊற்றிக்கொடுத்து, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அந்த மூன்றாவது வார்த்தையை மட்டும் அடுத்த தடவை விட்டுவிடு தாயி என்று கேட்டுக்கொண்டார். உலகம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தா ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா. நாளைக்கு அள்ளட்டும். நான் பாக்க மாட்டேன், காலைலயே எங்கயாவது போயிருதேன். அது வவுத்துக்குள்ள எத்தன அறைன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்லகூட வெளக்குப் போடாம நடக்க வராது, அதுக்குள்ள நடப்பேன்."

உலகம்மாள் காப்பியை ஊதிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏட்டி, தப்பு எம்மேலதான். நான் ஆட்டுக்காரன்கிட்டப் பேசுத மாதிரிப் பேசிட்டு வந்திருக்கேன். அது ஆட்டுக்காரன் இல்ல. அதுதான் ஆடு."

ஆட்டை முன்னால் இழுத்தால் நாலு காலையும் ஊன்றிப் பின்னால் போகும். வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் முன்னால் பாயும். இது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டிடமே பேரம் பேச வேண்டிய தேவை இதுவரை வராததால் யாருக்கும் பயன்படவில்லை.

இரண்டாம் முறை இறங்கியவள் துண்டைப் போட்டதும் கப்பல் வழக்கம்போல மூன்று விரலை நீட்டியது. உலகம்மாள் அதில் இரண்டை மடக்கிவிட்டாள். பத்து வயது. கப்பலின் கை அப்படியே நின்றது. அவள் மீதி விரலில் ஒரு கணுவை மட்டும் பிடித்தாள். மூன்று வயது. பிறகு நகத்தின் நுனியைக் கிள்ளினாள். நேற்றுப் பிறந்த தோணி.

கப்பலின் மரச்சட்டங்கள் கிறீச்சிட்டன. நாலு விரலை நீட்டியது. அவள் நகத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரல். நகம். கப்பல் அவள் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தியது. இனி விரலுக்கு நூறு என்று அர்த்தம். அழுத்திவிட்டு, அவள் உள்ளங்கையில் படபடவென்று எழுதத் தொடங்கியது. எத்தனை புயல், எந்தெந்தத் துறை, மிளகு ஏற்றியது எங்கே, ஜாடி இறக்கியது எங்கே, பாய்மரத்தைத் தின்ற யானை, மேல்தட்டில் நடந்த கல்யாணம், மாப்பிள்ளைக்கு வந்த வாந்தி. உலகம்மாள் ஒவ்வொன்றையும் ஜெசிந்தாவின் தோளில் திருப்பி எழுதினாள். ஜெசிந்தா டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலகையில் குறித்தாள். அவள் கண்ணாடிக்குள் பாதி அளவு கண்ணீர் நிறைந்திருந்தது, ஆனாலும் எழுத்து பிசகவில்லை.

இருநூறு வந்தது. அங்கேயே நிறுத்தி நிதானமாகப் பேசியிருக்கலாம். நிறுத்தவில்லை. இப்படி ஒரு கை உலகம்மாளுக்கு எந்தச் சந்தையிலும் வாய்த்ததில்லை. அவள் கிள்ளக் கிள்ளக் கப்பல் ஏறியது. முந்நூறு. ஐந்நூறு. மணிக்கட்டில் இன்னொரு அழுத்து, விரலுக்கு ஆயிரம். உலகம்மாள் சிரித்தாள். சிரிப்பு உருண்டை உருண்டையாக மேலே போய் உடைந்தது. கஸ்பாரும் காரணம் தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். நாலாயிரம். ஏழாயிரம்.

அப்போது அவள் காலடியில் மணல் காய்ந்தது. தண்ணீர் கழுத்துக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது, போய்விட்டது. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இல்லை, மேய்ச்சல் நிலம்தான் என்று ஜெசிந்தா பலகையில் எழுதிக் காட்டினாள். மேலே இருந்த படகு மெதுவாக இறங்கி வந்து ஒரு உடைமரத்து உச்சியில் உட்கார்ந்தது. கஸ்பார் நங்கூரக் கயிற்றைக் கிளையில் கட்டினார். ஆடுகள் வந்து கப்பலின் அடிப்பலகையில் பாசியைக் கறம்பித் தின்றன. உலகம்மாள் வயதறிய, பக்கத்தில் நின்ற ஒன்றின் வாயைத் திறந்து பல்லை எண்ணினாள். நாலு பல்.

இன்னும் யாரும் கைகுலுக்கவில்லை. குலுக்கிவிட்டால் இதுதான் நிலை. சிப்பித்துறைக்காரர்கள் காலையில் வலையோடு வந்து கடலைத் தேடுவார்கள். கப்பலோ ஏழு விரல் கணக்கை விடாமல், பெருமையாக, கைகுலுக்கக் காத்திருந்தது. உலகம்மாள் தன் வாழ்நாளில், தன் பக்கம் ஏறிக்கொண்டிருந்த பேரத்தை இறக்கியதே கிடையாது.  ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா பலகையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். காய்ந்துகொண்டிருந்த கப்பலின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கங்கே வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

உலகம்மாள் வாய்க்குழாயைக் கழற்றினாள். காற்றில் பேச்சு நேராகவே போகும்.

"நீ பெரிய ஆளுதான், ஒத்துக்கிடுதேன். எனக்கு இப்படி ஒரு கை கெடைச்சதே இல்ல. ஆனா இந்த வயசுல ஒனக்கு மெதக்கத் தண்ணி இல்ல, பாத்தியா. இந்தா, ஆடு ஒன்ன நக்கிட்டு நிக்கி. கடல் இருக்க எடத்துலதான் கப்பலுக்கு மரியாத. அதுக்குள்ள ஒரு வயசச் சொல்லு, நானும் கிள்ளாமப் பிடிக்கேன்."

கப்பலின் கை மெல்லத் தாழ்ந்தது. பிறகு ஒரு விரலை மடக்கியது. கணுக்காலில் தண்ணீர் வந்தது. இன்னொன்றை மடக்கியது. ஆடுகள் நேரமாவதைப் பார்த்துக் கரைப்பக்கம் நடந்தன. படகு மரத்திலிருந்து எழும்பியது. தண்ணீர் தலைக்கு மேல் மூடியபோது உலகம்மாள் வாய்க்குழாயை மறுபடி கடித்துக்கொண்டாள். இருநூற்று முப்பத்தொன்றில் கை நின்றது. ஜெசிந்தா தலையாட்டினாள். பழக்கத்தால் உலகம்மாள் ஒன்றைக் குறைத்தாள். பழக்கத்தால் கப்பல் ஒன்றைக் கூட்டியது. இருநூற்று முப்பத்திரண்டுக்குப் படிந்தது. இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள், கொஞ்சம் அதிகநேரமே.

திங்கட்கிழமை ஜெசிந்தா எங்கும் போகவில்லை. தூர்வாரும் கப்பல் வாயைத் திறந்துகொண்டு வந்தது. ஞாயிறன்று துறைமுக அலுவலகம் பூட்டியிருந்ததால், படகிலிருந்தே அவள் பெரியவரின் வயதைச் சத்தமாகச் சொன்னாள். தூர்வாரும் கப்பலுக்குப் பதினாலு வயது. அது என்ஜினை அணைத்துவிட்டு, வாயை மூடி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, தண்ணீரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்குள்ளிருந்து கை எழும்பி வந்து அதன் புகைபோக்கியைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தது.

இதைப் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த மற்ற கப்பல்களும் வந்துவிட்டன. மத்தியானத்துக்குள் வரிசை அடிவானம் வரை போயிற்று. உலகம்மாள் படகில் நின்று ஒழுங்கு பண்ணினாள். நடுவில் நுழையப் பார்த்த எண்ணெய்க் கப்பல் ஒன்றை அவள் பேசிய பேச்சில் அது ஒரு மைல் பின்னால் போய் நின்றது. ஞாயிறு முடிந்துவிட்டதால் கஸ்பார் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில், மெலிந்த சரக்குக் கப்பல் ஒன்று கூச்சத்தோடு பக்கத்தில் வந்தது. போன வாரம்தான் பிறந்த படகு ஒன்றை அணைத்து வைத்திருந்தது, பெயிண்ட்கூடக் காயவில்லை. பெரியவர் வாயால் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று கேட்டது. தண்ணீரிலிருந்து கை வெளியே வந்து விரிந்தது. சரக்குக் கப்பல் குழந்தையை அவசரமாக நீட்டியது.

"கழுத்தத் தாங்கிப் பிடிச்சுக் குடு, பிள்ள," என்றாள் உலகம்மாள். "இன்னும் தல நிக்கல பாரு."