மிதிவண்டிகளுக்கு மட்டும்

லாரியின் முன்சக்கரம் விளிம்புக்கல்லில் ஏறி இறங்கியதும் அடியில் படக்கென்று ஏதோ முறிந்தது. பரசுராமன் தலையை நீட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? சைக்கிள் பாதைக்குக் காவலாக நட்டுவைத்த பிளாஸ்டிக் கம்பங்களில் இன்னொன்று. எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் சாலையோரமாகப் பச்சை வண்ணம் அடித்து, வெள்ளையில் சைக்கிள் படம் போட்டு, 'மிதிவண்டிகளுக்கு மட்டும்' என்று பலகை வைத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ரிப்பன் வெட்டினார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு காரில் ஏறிப் போனார்கள். இப்போது அந்தப் பச்சையின்மேல் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிட்டே போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மூத்திரம் நிரப்பி மூடிய தண்ணீர் பாட்டில்கள், புகையிலை எச்சில், சாம்பார் வழியும் பாலிதீன் கவர். வெள்ளை சைக்கிளின் சக்கரத்தின்மேல் எவனோ மிச்ச மீன்குழம்பைக் கொட்டியிருந்தான், ஈ அப்பிக்கொண்டிருந்தது. சீ! மனுஷன் கால் வைக்கிற இடமா அது!

துறைமுகக் கேட்டு திறக்கும்வரை லைனில் நிற்பதற்கென்று ஒரு முறை உண்டு. முன்வண்டியின் பின்புறத்தை முட்டுகிற மாதிரி நிறுத்த வேண்டும். கொஞ்சம் இடம் விட்டால் போச்சு, எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான், அப்புறம் சண்டை போட்டாலும் அவன் பின்வாங்க மாட்டான். முன்னால் இருப்பவன் பாதையில் ஏற்றினால் பின்னால் இருப்பவனும் ஏற்றத்தான் வேண்டும். பரசுராமனின் வீடு எர்ணாவூர் குடியிருப்பில், கூப்பிடு தூரம். ஆனாலும் முந்தாநாளிலிருந்து கேபினிலேயே தூங்கி, சாலையோரத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். உடம்பில் டீசல் வாடையும் வேர்வையும் சேர்ந்து அவனுக்கே குமட்டியது.

நேற்று சாயங்காலம் பெண்டாட்டி வரலட்சுமி போனில் பிடித்துக்கொண்டாள். மகள் மதி பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வாசலில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸோ, நின்றால் உண்டு, நிற்காவிட்டால் இல்லை. நின்றாலும் உள்ளே உரசுகிற ஜென்மங்களைச் சகித்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெண் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழத் தொடங்கியிருந்தாள்.

"தோ பாருய்யா, சைக்கிளுக்குன்னு தனி ரோடே வுட்டுக்கீறாங்க. இன்னும் இன்னா உனுக்கு? ஒரே பொண்ணு, அது படிப்ப நிறுத்திட்டு என்னாண்ட மீன் கூடை தூக்கணுமா?"

வேண்டாம் என்று இத்தனை நாள் தடுத்தவன் அவன்தான். கேபினில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், பக்கத்தில் வருகிற சைக்கிள் ஒரு கணம் கண்ணாடியில் இருக்கும், மறுகணம் இருக்காது. இந்தச் சாலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தவர்களைத் தாண்டி அவனே வண்டி ஓட்டிப் போயிருக்கிறான். ஆனால் பச்சைப் பாதை இருக்கிறதே, லாரி வேறு, சைக்கிள் வேறு என்று ஆகிவிட்டதே என்று மனசு இளகி, "சரி, நாளைக்கே எடுத்துனு போவட்டும்" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன வாயோடு விடிகாலையில் அதே பாதையில் லாரியை ஏற்றினான். மதியின் நினைப்பு வராமலில்லை. அவள் கிளம்புவதற்குள் கேட்டைத் திறந்துவிடுவார்கள், லைன் நகர்ந்துவிடும் என்று நினைத்தான். லைனில் நிற்கிற அத்தனை பேரும் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

லைன் நகரவில்லை. வெயில் ஏறியது. பின்வண்டிக்காரன் அருள்பிரகாசம் நடைபாதையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமு, கவுருமெண்ட்டு நமக்கு நல்லா பார்க்கிங் கட்டிக் குட்துக்கீது பாரு. இங்க எவன் மாமு சைக்கிள் ஓட்டறான்?"

பரசுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. வலப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதில் மதி வந்தாள். நிற்கிற லாரிகளுக்கும் ஓடுகிற லாரிகளுக்கும் நடுவில், முதுகில் பையோடு, ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கேயோ கண்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் சட்டமாகக் குலுங்கிக்கொண்டு ஒரு டிரெய்லர். ஹாரன் அலறியது. கதவைத் திறந்து குதிக்கலாமென்றால் கதவே அவளை இடித்துத் தள்ளிவிடும். "மதீ!" என்று கத்தினான். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? சைக்கிள் ஆடியது. கண்ணாடியில் அவள் இருந்தாள். பிறகு இல்லை. டிரெய்லரின் சட்டம் மட்டும் நீண்டு, நீண்டு, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

அது கடந்த பிறகு புழுதிக்குள் அவள் தெரிந்தாள். அவன் லாரியின் பின்சக்கரத்தோடு ஒட்டி, ஒரு கையால் கண்டெய்னரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளங்கையில் கிரீஸ். சீருடைத் தோளிலும் கிரீஸ்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்து ஓடினான். அவள் நிமிர்ந்து முதலில் லாரியைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"நைனா... நீயா இங்க வுட்டுகினு நிக்கிற?"

அவள் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள், அதுதான் அறைந்தது. தூ என்று தன் மூஞ்சியில் தானே துப்பிக்கொள்ளத் தோன்றியது பரசுராமனுக்கு.

"லைன் நவுர்ல மா" என்றான். எவ்வளவு கேவலமான பதில்.

"நாளைக்கு நவுருமா?"

அவன் சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஓடுகிற வண்டிகள் பக்கம் தான் வருகிற மாதிரி அவளை உள்பக்கம் தள்ளி நடக்கத் தொடங்கினான். தன் லாரியின் மூக்கைத் தாண்டியபோது முன்னால் சடசடவென்று இஞ்சின்கள் உயிர்பெற்றன. இத்தனை நாள் காத்திருந்த கேட்டு இப்போதுதான் திறந்திருக்கிறது! முன்வண்டி கரும்புகையை அவர்கள் முகத்தில் ஊதிவிட்டு நகர்ந்தது, அதற்கு முந்தையதும், அதற்கும் முந்தையதும்.

"யோவ் பரசு! வண்டிய எடுய்யா! லைன் போவுதுய்யா!" அருள்பிரகாசம் டீ டம்ளரோடு ஓடி வந்து பரசுராமனின் கேபினில் ஏறிப் பார்த்தான், சாவி இல்லை. முட்டிக்கொண்டு நிறுத்திய வண்டிகள், எவனாலும் உடனே ஒடித்து வெளியே வர முடியாது. பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்றாய்ச் சேர்ந்து கதறின, கூடவே அம்மாவையும் அக்காவையும் இழுக்கிற வசவுகள்.

"நைனா, திட்றாங்க. நீ போ."

அவர்களுக்கு முன்னால், லாரிகள் விலகிய இடத்தில், பச்சை தெரிந்தது. எண்ணெய்த் திட்டும் எச்சிலும் நசுங்கிய கம்பங்களுமாகக் கலீஜாகத்தான் கிடந்தது. ஆனால் காலியாகக் கிடந்தது, பள்ளிக்கூடத் திருப்பம் வரைக்கும். அவன் வண்டி நகராதவரை அப்படியேதான் கிடக்கும்.

"ஏறு" என்றான் பரசுராமன்.

மதி ஏறினாள். ஒரு மூத்திர பாட்டிலைச் சுற்றி வளைந்து, முறிந்த கம்பம் ஒன்றின்மேல் துள்ளி இறங்கி, நேராக மிதித்துப் போனாள். யாரோ பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள், "சாவி எங்கடா?" என்று காதருகில் கத்தினார்கள். அவன் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, திரும்பாமல், தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.