இரண்டு சைபர்

அன்று காலையிலும் அவர் சைக்கிள் பம்பால் பெட்டிக்குள் காற்றடித்தார். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பம்பின் வாயை உள்ளே விட்டு, நாலு இழுவை. மல்லாவித் தெருவின் தூசி புகை மாதிரி எழும்பி என் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

"இஞ்சாருங்கோ, குசினிப் பக்கம் அடிக்க வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"உமக்கு இரும்புச்சத்துக் காணாதெண்டு டொக்டர் சொன்னவர்தானே. குடியும்."

எங்கள் வீட்டில் நடந்த கடைசிப் பகிடி அது. மத்தியானம் செல் குண்டுகள் கிட்டக் கிட்ட விழத் தொடங்கின. பின்னேரம் ஊர் இடம்பெயர வெளிக்கிட்டது. 2008 ஆடி மாதம். ஏழு மாதம் கழித்து, சுதந்திரபுரத்தில் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் என் கணவர் யோகலிங்கம் இறந்துபோனார்.

அவர் சாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பெட்டியில் நான் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

2002 இல் சமாதானம் வந்து பாதை திறந்த புதிதில் எல்லாரையும் போல அவரும் வவுனியாவுக்குப் போய், வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று சும்மா கொடுத்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தார். சுவிசிலிருந்த அவருடைய தமையன் அதற்குத்தான் எழுதுவார். தமையன் மாரடைப்பில் போன பிறகு, அந்தக் கடிதங்களை அச்செடுத்து வைப்பதற்காக மறுபடியும் வவுனியாவுக்குப் போனார். பெட்டி வெறுமையாக இருந்தது. முப்பது நாள் எட்டிப் பார்க்காவிட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிடுவார்களாம். நாங்கள் அப்போது வயல்வெட்டில் நின்றோம். நாற்பது நாள் ஆகியிருந்தது.

"சும்மா தாறவனிட்ட என்னெண்டு கேக்கிறது?" என்றார் திரும்பி வந்து. "எங்கட கடுதாசி எங்கட வீட்டில இருக்க வேணும் கமலா."

அடுத்த கிழமை பழைய கணினி ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். கூரையில் சோலர் தகடு, கீழே இரண்டு கார் பற்றரி. வீட்டிலிருந்து சங்கக்கடை, வாசிகசாலை, மருந்தகம் என்று வேலிக்கதியால்களின் மேலால் வயர் இழுத்தார். மல்லாவிக்குள் ஓடும் கடிதம் எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்தே போகும். வெளிநாட்டுக் கடிதங்களைக் கிழமைக்கு இரண்டு முறை கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்த செய்மதி இணைப்பில் அனுப்பிவிட்டு, வந்தவற்றை எடுத்துக்கொண்டு வருவார். அறுபது வீட்டுக்காரருக்கு அதில் பெட்டி இருந்தது. எவருடையதும் அழியவில்லை. எவருடையதையும் அவர் திறந்து பார்க்கவும் இல்லை.

"எல்லாப் பெட்டியின்ர திறப்பும் என்னட்ட இருக்கு. அதாலதான் நான் திறக்கக் கூடாது," என்பார்.

பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் ஜெகதீஸ்வரி மட்டும் சிரிப்பாள். "கமலாசனி, உங்கட வீட்டில மூண்டு பேரல்லோ குடித்தனம். நீர், அவர், அந்தப் பெட்டி."

பெட்டியை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இரஞ்சிதம்.

அவள் வாசிகசாலையில் கணினி படிப்பித்தாள். முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை, நோயாளித் தாய் ஒருத்தி. அழகி என்று சொல்ல ஏலாது. தடித்த கண்ணாடி, ஒரு பக்கத்துக் காலை நூலால் கட்டியிருப்பாள். ஆனால் என் கணவர் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வது அவளுக்கு விளங்கும். வேலிப் படலையில் நின்று இருவரும் எனக்குத் தெரியாத சொற்களில் கதைப்பார்கள், திடீரென்று சிரிப்பார்கள். "என்ன பகிடி?" என்று நான் கேட்டால் அவர் விளங்கப்படுத்தத் தொடங்குவார். விளங்கப்படுத்தி முடிக்கிறபோது சிரிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

அவர் கிளிநொச்சிக்குப் போகும் நாட்களில் பெட்டி என் பொறுப்பு. பற்றரி இறங்கினால் நிற்பாட்ட வேண்டும். புதிதாக யாரும் வந்தால் பெயர் எழுதி, அவர் பெட்டி எவ்வளவு கொள்ளலாம் என்ற அளவை நேரே போட வேண்டும். அதற்கான பாஸ்வேர்ட்டைச் சீனிப் பேணியின் அடியில் ஒட்டி வைத்திருந்தார். அளவு எல்லாருக்கும் ஐந்து மெகாபைட். சங்கக்கடைக்கு ஐந்து. எனக்கு ஐந்து. அவருக்கே ஐந்து.

ஒருநாள் பட்டியலில் கீழே வரும்போது கண்டேன்: இரஞ்சிதம், 500.

இரவு சாப்பாட்டில் கேட்டேன். "அவாவுக்கு மட்டும் ஏன் ஐந்நூறு?"

"தேவைப்பட்டது."

"அப்பிடி என்னத்தை வைச்சிருக்கிறா?"

"அவாவின்ர பெட்டி. அவாவைக் கேளும்."

"நான் உங்களைக் கேக்கிறன்."

"சொல்லிறதில்லையெண்டு வாக்குக் குடுத்திட்டன் கமலா. உம்மட பெட்டியில என்ன இருக்கெண்டு அவா கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்."

"என்ர பெட்டியில ஒண்டுமில்லை," என்றேன். உண்மையும் அதுதான். எனக்கு எழுத எவரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எண்கள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஐந்நூறு மெகாபைட்டுக்குள் எத்தனை கடிதம் எழுதலாம் என்று கணக்குப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு, நாளைக்குப் பத்துக் கடிதம் எழுதினாலும் நிறையாது. எந்தப் பொம்பிளை எவருக்கு அவ்வளவு எழுதுவாள்?

2008 மாசியில் ஒரு நாள் அவர் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். படலையடியில் இரஞ்சிதம், கையில் பெரிய பைல்கட்டு.

"யோகண்ணை நிக்கிறாரோ?"

"இல்லை."

"அப்ப நான் பிறகு வாறன் அக்கா."

உள்ளே வரவில்லை, எப்படி இருக்கிறீங்கள் என்று கேட்கவுமில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் சீனிப் பேணியைக் கவிழ்த்தேன். அவள் பெயருக்கு நேரே இருந்த இரண்டு சைபரையும் அழித்தேன். ஐந்நூறு ஐந்தானது. எல்லாருக்கும் ஐந்து, இதிலே என்ன பிழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த எதையும் தொடவில்லை. அன்றைக்குச் சோறு ருசித்தது.

அவள் வந்து முறையிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் காத்திருப்பும் விட்டுப்போயிற்று. அவரும் கவனிக்கவில்லை. மன்னார்ப் பக்கத்தால் இடம்பெயர்ந்து வந்த சனத்தால் அப்போது மல்லாவி நிறைந்து கிடந்தது. அவர் பகலெல்லாம் வாசிகசாலையில் நின்றார். எனக்கு அதுவும் எரிச்சல்.

நாங்கள் வெளிக்கிட்ட அந்தப் பின்னேரம், செல்லுக்கு நடுவிலும், அவர் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றினார். பெட்டியை வாழைக்குக் கீழே புதைத்தார். (திரும்பிப் போனபோது குழிதான் இருந்தது.) இரஞ்சிதத்தின் தாயை மறுநாள் செஞ்சிலுவைச் சங்க வாகனத்தில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தார்கள்; கூடப் போவது இரஞ்சிதம். அவர் படலையில் வைத்துத் தாயின் எக்ஸ்ரே உறைக்குள் அந்தச் சிடியைச் செருகிக் கொடுத்ததை நான் சட்டிபானை மூட்டையோடு நின்று பார்த்தேன்.

"ஏன் அவாட்டைக் குடுத்தனீங்கள்?" என்று உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியதும் கேட்டேன்.

"அவாதானேயப்பா அங்கால போறா."

கிளிநொச்சி போய்ச் சேரும் வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளை இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

2009 மார்கழியில், போர் முடிந்து அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து என்னை விட்டார்கள். பூவரசங்குளத்தில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் ஒதுங்கினேன். அவருடைய சாவைப் பதியக் கலியாணப் பதிவு கேட்டார்கள். என்னிடம் எந்தக் கடதாசியும் இல்லை. "வவுனியாவில இரஞ்சிதம் ரீச்சரிட்ட போ, மல்லாவிச் சனத்தின்ர கடதாசியெல்லாம் அவாவிட்ட இருக்காம்," என்றாள் தங்கை.

அப்போதுதான் விளங்கியது. ஐந்நூறு.

அவளுடைய வாடகை அறை வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டை. வெளியில் தெரியக் கூடாதென்று சனம் நம்பிக் கொடுத்ததையெல்லாம் அவள் வாசிகசாலையில் ஸ்கான் செய்து, எங்கள் வீட்டுப் பெட்டியில் தன் பெயருக்கு அனுப்பியிருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றாக அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவள் தோளுக்கு மேலால் மேசையில் கிடந்த சிடியைப் பார்த்தேன். நீல மையில் அவருடைய எழுத்து: "மல்லாவி. எல்லாரும்." அவருடைய கையெழுத்து என்று என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. அவளிடம் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பட்டது.

"உங்கட வீட்டுக் கடதாசியளை வைகாசியில யோகண்ணை கொண்டந்து தந்தவர் அக்கா. வந்த சனத்தின்ர முடியட்டும், எங்கட கடைசியா எண்டு நிண்டவர். நான்தான் அனுப்பினனான். ஆனா மாசிக்குப் பிறகு அனுப்பின ஒண்டும் இதில இல்லை. மன்னார்ச் சனத்தின்ர ஒண்டுமே இல்லை. இடம் காணாமத் திருப்பி அனுப்பியிருக்கு. வாசிகசாலைப் பேரில அனுப்பினதால அது வாசிகசாலைப் பொதுப்பெட்டியில விழுந்திருக்கு. அதை ஆர் திறக்கிறது? நான் ஒருக்காப் பாத்திருக்க வேணும். என்ர பிழை."

அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். "இதைப் பாருங்கோ. எனக்கும் அஞ்சுதான் போட்டிருக்கிறார். அவரிட்ட ஓரவஞ்சனை இல்லை. கூடத் தாறன் எண்டு சொன்னவர், மறந்திட்டார் போல. அப்ப முதல் நானூறு மெகாபைட்டும் எப்பிடி ஏறினதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

"அவர் ஐந்நூறு போட்டவர்," என்றேன். "மாசியில நான்தான் ரெண்டு சைபரை அழிச்சனான்."

"ஏன்?"

"உம்மில எரிச்சல்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முகம் சிரிக்கப் போவது போல வந்து, நின்றுவிட்டது. "என்னிலயோ? அக்கா, என்ர கண்ணாடிக் காலை நூலால கட்டிக்கொண்டு திரிஞ்சனான். உங்கட படலைக்குள்ள நான் ஒருநாள் வந்திருப்பனோ?"

வாசலில் நின்ற கிழவர் உள்ளே தலையை நீட்டினார். "பிள்ளை, மன்னார் அடம்பன் இராசையா. என்ர காணி உறுதி வந்திட்டுதோ?"

இரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்லை ஐயா. இடம் காணாமப் போச்சு."

அவள் சிடியை எடுத்துப் பழைய எக்ஸ்ரே உறைக்குள் வைத்தாள். அதை எனக்குத் தரும்படி கேட்கத்தான் வாயெடுத்தேன், கேட்கவில்லை.

சிடியில் ஒருமுறை பதிந்ததைத் திருத்த முடியாது என்று அவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். யோகலிங்கம், 5. கமலாசனி, 5. இரஞ்சிதம், 5.